புதுப்பிப்பு: மண்டபத்துக்குள் சிலம்பப் போட்டி, படத்தில் விழுந்த கருப்புப் பட்டைகள் போய்விட்டன

கீழக்கரையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நடக்கும் சிலம்பப் போட்டியை ஃபிளாஷ் போடாமல் எடுக்க வேண்டும், ஷட்டர் வேகம் 1/800 நொடி வைத்தால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டை விழுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, ஆன்டி-ஃபிளிக்கரை (விளக்கின் மினுக்கத்தைச் சமாளிக்கும் கேமரா வசதி) ஆன் செய்து மெக்கானிக்கல் ஷட்டருக்கு (திரை நிஜமாகவே திறந்து மூடும் ஷட்டர்) மாறச் சொன்ன யோசனைதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கிருந்த எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. அந்த மங்கல்தான் பட்டையாக விழுந்தது. ஆன்டி-ஃபிளிக்கர் போட்டால் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து கேமரா ஷட்டரைத் திறக்கிறது. தொடர்ந்து எடுக்கும் வேகம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. 85 எம்எம் லென்ஸ், எஃப்/2, ஐஎஸ்ஓ 6400, அதே 1/800. சுழலும் கம்பின் நுனி மட்டும் லேசாகக் கலங்கி, பையனின் புருவத்து வியர்வை வரை துல்லியமாக விழுந்தது.

சிலர் ஷட்டர் வேகத்தை 1/100க்கு இறக்கச் சொன்னார்கள். அதிலும் பட்டை இல்லை, ஆனால் கம்போடு கையும் கரைந்துவிட்டது. பரிசளிப்புக்கு அது போதும்.

எதிர்பாராதது ஏசிதான். அந்தக் குளிரிலிருந்து வெளியே கடல் காற்றுக்கு வந்ததும் லென்ஸ் முழுக்க ஆவி படிந்தது. துடைக்கத் துடைக்கத் திரும்ப வந்தது. அப்புறம் பைக்குள் மூடிவைத்து, கேமரா வெளிச்சூட்டுக்கு வந்தபின்தான் சரியானது. வெளியிலும் எடுக்கப் போகிறவர்கள் மண்டபத்துக்குள்ளேயே கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள்.