நெபாரி: 'வேர்ப்பரவல்' போதுமா?

அனைவருக்கும் வணக்கம்.

போன்சாய் (தொட்டியில் வளர்க்கும் குறுமரம்) கலையின் ஜப்பானியச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் பேச்சில், நெபாரிக்கு 'வேர்ப்பரவல்' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். படித்தவுடன் புரிகிற சொல்தான். ஆனால் மண்ணுக்குள் ஓடும் சல்லிவேர்களும் அதில் அடங்கிவிடும். அடிமரத்திலிருந்து பிரிந்து, மண்ணுக்கு மேலே கண்ணில் படுகிற வேர்கள் மட்டுமே நெபாரி. ஜப்பானியத்தில் 'நெ' என்றால் வேர். 'பாரி' என்ற பகுதி, இழுத்துக் கட்டியதுபோல் விறைப்பாக விரிவதைச் சுட்டும். பரவல் என்றால் எனக்கு என்னவோ தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது.

நெபாரிக்கு 'அடிவேர்' என்ற சொல்லும் வேண்டவே வேண்டாம். அது ஆழத்தில் இருப்பதைச் சொல்லும் சொல். இங்கே ஆணிவேரைக் குறைத்து, பக்கவேர்களை வெளிநோக்கி ஓடவிட்டால்தான் காரியம் நடக்கும். மரத்துக்கு அடியில் ஓடோ பலகையோ வைத்து நடுவதே அதற்காகத்தான்.

என் பரிந்துரை: தூர்வேர். மரத்தின் அடியைத் தூர் என்று சொல்கிறோம். அங்கிருந்து கிளம்பும் வேர் தூர்வேர். பயிர் அடியிலிருந்து பக்கத்தண்டுகள் விட்டு 'தூர் கட்டுவது' வேறாயிற்றே என்று கேட்கலாம். பின்னாலேயே 'வேர்' வந்துவிடுவதால் குழப்பம் வராது.

சரி, செய்முறை எழுதும்போது சொல் தாங்குகிறதா? எழுதிப் பார்த்தேன்:

'தூர்வேர் எல்லாப் பக்கமும் ஏறக்குறைய சமமாக விரிந்திருந்தால் மரத்தை நேராக நிமிர்த்தலாம். ஒரு பக்கத்துத் தூர்வேர் மட்டும் தடித்து நீண்டிருந்தால், தண்டை அதற்கு எதிர்ப்பக்கம் சாய்க்க வேண்டும். அப்போது அந்த வேர் மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்திருப்பதாகத் தெரியும். வேர் உள்ள பக்கமே சாய்த்தால், பிடிமானம் இல்லாமல் விழப்போகிற மரமாகத்தான் தோன்றும். பார்ப்பவரை நோக்கி நேராக நீளும் தடித்த தூர்வேர் முன்பக்கத்தில் இருக்கக் கூடாது.'

இதே பத்தியில் 'வேர்ப்பரவல்' போட்டுப் பாருங்கள். 'ஒரு பக்கத்து வேர்ப்பரவல் தடித்திருந்தால்' என்று எழுதவே முடியவில்லை. ஒற்றை வேரையும் மொத்தத் தொகுதியையும் ஒரே சொல்லால் சுட்ட முடிய வேண்டும். எந்தப் பக்கத்து வேர் என்றும் சொல்ல முடிய வேண்டும். மரத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பதே அந்தப் பக்கம்தானே! கிளையைக் கம்பி சுற்றி வளைக்கலாம், வெட்டிவிட்டுப் புதிதாக வளர்க்கலாம். முற்றிய வேரை அப்படி வளைக்க முடியாது. இல்லாத பக்கத்தில் வேர் வேண்டுமென்றால் வேர் ஒட்டுக் கட்ட வேண்டும், அல்லது விண்பதியம் போட்டு (தண்டின் பட்டையைச் சீவி அங்கேயே வேர்விடச் செய்து) அடியையே புதிதாக உண்டாக்க வேண்டும். இரண்டும் நாள்பிடிக்கிற வேலை. அதனால்தான் முதலில் வேரைப் பார்த்து, அப்புறம் தண்டு, கடைசியில் கிளை என்று போகிறார்கள்.

வேருக்கேற்ப மரத்தை வடிவமைக்கும் இந்த முறைக்கு 'வேரிசைவு' என்கிறார்கள் சிலர். கேட்க அழகுதான், ஆனால் அது விளைவின் பெயர். செயலுக்கு 'வேர்வழி வடிவமைப்பு' என்று வைத்துக்கொள்ளலாம்.

பாறையைத் தழுவி வேர் இறங்கும் செகிஜோஜு பாணிக்கு 'பாறைத்தழுவல்' சரிப்படுமா? வேர்களே கால்களாக மரத்தைத் தூக்கி நிறுத்தும் நெஅகாரிக்கு எனக்கு இன்னும் எதுவும் பிடிபடவில்லை.