நுரையீரல் நோயைத் தாங்கும் பன்றி வம்சம்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கிடா தேர்வில் இருப்பவர்:
இருமலைக் காதால் கேட்டுக் கிடாவை (இனவிருத்திக்கான ஆண் பன்றியை) கழிப்பதில் பலனில்லை. மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வரும் நிமோனியா பிடித்த பன்றி தின்றுகொண்டேதான் இருக்கும். அறுத்துப் பார்த்தால்தான் நுரையீரலின் நிலை தெரியும். அறுத்ததை இனவிருத்திக்கு விட முடியாதே. அதனால் உடன்பிறப்புகளை அறுத்து நுரையீரல் புண்ணுக்கு மதிப்பெண் போட்டு, அதை வைத்து உயிரோடிருக்கும் கிடாவைத் தேர்வு செய்கிறோம். ஜப்பானில் மியாகி மாகாண ஆய்வு நிலையம் லாண்ட்ரேஸ் இனத்தில் 5 தலைமுறை இப்படித் தேர்ந்து ‘மியாகினோ எல்2’ வம்சத்தை உருவாக்கியது. புண்ணை மட்டுமல்ல, எடை கூடும் வேகம், முதுகுக் கொழுப்பு, ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஆகியவற்றையும் சேர்த்தே பார்த்தார்கள். புண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் வளர்ச்சி கைநழுவிவிடும்.

ஒரு தகப்பன் கிடாவுக்கு 5, 6 ஈற்று, ஈற்றுக்கு 2 குட்டி, ஆக 10, 12 நுரையீரலாவது வேண்டும். எல்லாம் ஒரே சமயத்தில் ஒரே கொட்டகையில் வளர்ந்தவையாக இருக்கட்டும். இன்னொன்று: நோயே நுழையாத பண்ணையில் எல்லாப் பன்றிக்கும் பூஜ்யம்தான் விழும், அதில் தேர்வுக்கு இடமே இல்லை. உடன்பிறப்புகளை நோய் சுற்றிவரும் பண்ணையில்தான் வளர்க்க வேண்டும்.

கால்நடை மருத்துவர்:
மதிப்பெண் போடும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பெரும்பாலான தவறு இங்கேதான். பன்றி நுரையீரலில் 7 மடல்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4: கால்பாகம் வரை கெட்டிருந்தால் 1, பாதி வரை 2, முக்கால் வரை 3, அதற்கு மேல் 4. மொத்தம் 28. கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், விரலால் அழுத்துங்கள். நல்ல இடம் பஞ்சு போல அமுங்கி எழும். நோய்ப்பட்ட இடம் ஈரல் துண்டு போலக் கெட்டியாக, சாம்பல் கலந்த ஊதா நிறத்தில், சுற்றியுள்ள பகுதியைவிடச் சற்றுப் பள்ளமாக இருக்கும். முன்மடல்களின் கீழ் விளிம்பில் தொடங்கும்.

அறுக்கும்போது ரத்தம் உள்ளே இழுத்த நுரையீரலில் சிவப்புப் புள்ளிகள் சிதறித் தெரியும், அழுத்தினால் பஞ்சாகவே இருக்கும். அதைப் புண் என்று எழுதிவிடாதீர்கள். வெந்நீர்த் தொட்டித் தண்ணீர் புகுந்தாலும் குழப்பும். தொற்றிய காலமும் முக்கியம். 2, 3 மாதத்தில் புண் ஆறி, சுருங்கிய கோடு மட்டும் மிஞ்சும். சின்ன வயதிலேயே நோய் வந்துபோன பன்றி அறுக்கும்போது ‘எதிர்ப்பாளி’ போல ஏமாற்றும். தழும்பைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். ஒருவரே எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடட்டும்.

புதியவர்:
பன்றியின் இனப்பெருக்கத்தையும் சுவாசத்தையும் தாக்கும் வைரஸ் நோயான பிஆர்ஆர்எஸ்ஸுக்கும் இதே வழியா டாக்டர்?

ஆய்வகப் பணியாளர்:
அதற்கு அறுக்க வேண்டியதில்லை, ரத்தத்தில் வைரஸை அளக்கலாம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பால்மறந்த குட்டிகளுக்கு வைரஸைச் செலுத்தி 42 நாள் பின்தொடர்ந்தார்கள். வைரஸ் சுமையை முதல் 21 நாளுக்குக் கணக்கிட்டார்கள். 2012-இல் வெளியான முடிவில் 4-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுக் குறியீடு சிக்கியது, டபிள்யூயூஆர் என்பார்கள். நல்ல வடிவம் இருக்கும் குட்டிக்கு வைரஸ் குறைவு, எடை அதிகம். நோயை முழுதாகத் தடுக்காது, தாக்கத்தைக் குறைக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என வரும் பிரதிகளில் நல்லது ஒன்று இருந்தாலே இரண்டு பிரதிக்கு ஏறக்குறைய நிகரான பலன். ஆகவே கிடாவிடம் இரண்டு பிரதியும் இருந்தால் போதும், தாய் எதுவானாலும் எல்லாக் குட்டிக்கும் ஒன்று இறங்கிவிடும்.

மாதிரிக்கு முடியைக் கத்தரிக்காதீர்கள்; டிஎன்ஏ வேரில்தான் இருக்கிறது. வேரோடு 20, 30 முடி பிடுங்குங்கள், அல்லது காதுத் துணுக்கு எடுங்கள். துணுக்கு எடுக்கும் கருவியை ஒவ்வொரு குட்டிக்கும் துடைக்க வேண்டும். இல்லையென்றால் முந்தைய குட்டியின் திசு ஒட்டி முடிவே மாறிவிடும்.

கிடா தேர்வில் இருப்பவர்:
மரபணு திருத்தம் செய்த பன்றியில் கணக்கு இதற்கு நேர் எதிர். சிடி163 என்பது பிஆர்ஆர்எஸ் வைரஸ் செல்லுக்குள் நுழையும் வாசல். அந்த மரபணுவை முடக்கினாலோ, வைரஸ் பற்றும் துண்டை மட்டும் நீக்கினாலோ தொற்றே பிடிப்பதில்லை. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2025 ஏப்ரலில் இப்படிப்பட்ட பன்றிக்கு அனுமதி தந்தது. ஆனால் இரண்டு பிரதியும் திருத்தப்பட்டிருக்க வேண்டும். ஒரு பிரதி திருத்தப்படாமல் இருந்தாலும் வைரஸுக்கு வழி கிடைத்துவிடும். திருத்திய கிடாவைச் சாதாரணத் தாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் பாதுகாப்பில்லை. ஒற்றைப் பிரதிக் கிடாவும் ஒற்றைப் பிரதித் தாயும் சேர்ந்தால் 12 குட்டியில் சராசரியாக 3 தேறும். அந்த 3 எது என்பதைக் காதுத் துணுக்குதான் சொல்லும்.

கால்நடை மருத்துவர்:
இதோடு சேர்த்து ஒன்று. சிடி163 முடக்கிய பன்றிக்கும் மைக்கோபிளாஸ்மா வரும், இன்ஃப்ளூயன்சா வரும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸைச் செலுத்திப் பார்த்ததிலும் இது காப்பாற்றவில்லை. தடுப்பூசி அட்டவணையில் பிஆர்ஆர்எஸ் வரியைத் தவிர வேறெதையும் நீக்காதீர்கள்.