புதுப்பிப்பு: படகுப் பட்டியலில் மீன் வரத்து வெறுமையாக வந்த சிக்கல் தீர்ந்தது

சென்ற வாரம் கேட்டது இதுதான்: பாம்பன் விசைப்படகுகளின் வரத்துக் கணக்குக்காக லாராவெலில் (பிஎச்பி மொழியில் வலைத்தளம் எழுத உதவும் சட்டகம்) எழுதிய பக்கத்தில், 40 படகுகளும் வருகின்றன; ஒவ்வொன்றின் வரத்தும் காலியாக இருக்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

காரணம் கிடைத்துவிட்டது. படகுகளோடு அவற்றின் வரத்தையும் முன்கூட்டியே சேர்த்து எடுக்கும் 'வித்' மூலம் வரத்து அட்டவணையை எடுக்கும்போது, வேகத்துக்காகத் தேதியையும் எடையையும் மட்டும் செலக்ட் செய்திருந்தேன். படகு எண்ணைத் தாங்கும் ஃபாரின் கீயை, அதாவது வரத்தைப் படகோடு இணைக்கும் நெடுவரிசையை, விட்டுவிட்டேன். லாராவெலின் டேட்டாபேஸ் பகுதியான எலோக்வென்ட் எல்லாப் படகுகளின் வரத்தையும் ஒரே வினவலில் (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரே கேள்வியில்) அள்ளி வருகிறது. எந்த வரிசை எந்தப் படகுக்கு என்று பிறகு பிஎச்பி நினைவகத்தில்தான் பொருத்துகிறது. அந்த நெடுவரிசையே இல்லாதபோது எதை வைத்துப் பொருத்தும்? அதையும் செலக்டில் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

என்னை மூன்று நாள் குழப்பியது இன்னொன்று: 'வித்' இல்லாத பழைய நிரல் சரியாக வேலை செய்தது. அங்கே படகு வாரியாகத் தனி வினவல் போகிறது, பிரிப்பதை டேட்டாபேஸே செய்துவிடுகிறது. ஆனால் அதற்குப் படகுப் பட்டியலுக்கு ஒன்று, படகுகளுக்கு 40 என 41 வினவல்கள். இப்போது இரண்டே இரண்டு.

"இரண்டாவது வினவலை அச்சிட்டுப் பார் தம்பி" என்று எழுதிய தொண்டி அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி. அதில்தான் பிடிபட்டது. ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. படகுகள் கடலுக்குப் போகுமுன் பக்கம் தயாராகிவிட்டதில் அவ்வளவு நிம்மதி.

படகுக்குக் கடைசி ஐந்து வரத்து மட்டும் காட்டுவது பாக்கி. லாராவெல் 11-க்கு முந்தைய பதிப்புகளில் 'வித்' உள்ளே வைக்கும் லிமிட் (எத்தனை வரிசை என்ற வரம்பு) எல்லாப் படகுகளுக்கும் சேர்த்தே பொருந்தும் என்பதால், முதலில் பதிப்பை உயர்த்தப்போகிறேன்.