மலைக்காட்டில் நான்கு நாள்: எடை குறைந்த தண்ணீர் பாட்டில் எது?

டென்வர்வாசி:
வணக்கம் நண்பர்களே. அக்டோபர் இறுதியில் அலுவலக நண்பர்கள் இருவருடன் கொலராடோவின் சான் வான் மலைகளில் நான்கு நாள் தங்கப் போகிறேன். எல்க் மான் வேட்டைக்கான உரிமம் அவர்களிடம் இருக்கிறது. நான் துப்பாக்கியைத் தொடப் போவதில்லை, உடன் நடந்து சுமை தூக்குவதே என் பங்கு. முகாம் ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில் அமையும். என்னிடம் ஒரு லிட்டர் வெற்றிடச் சுவர் எஃகு பிளாஸ்க் ஒன்றும், டிரைட்டன் எனும் கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த, அதே அளவுள்ள நால்ஜீன் பாட்டில் ஒன்றும் இருக்கின்றன. சமையலறைத் தராசில் வைத்தபோது பிளாஸ்க் 480 கிராமும் நால்ஜீன் 180 கிராமும் காட்டின. கடையில் தண்ணீரோடு விற்கும் மெல்லிய பாட்டிலே போதும் என்கிறார் ஒருவர். குழாய் வைத்த தண்ணீர்ப் பையே சிறந்தது என்கிறார் மற்றவர். எதை வாங்குவது?

பனிமலைநடையர்:
பிளாஸ்க்கை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எடை ஒரு பக்கம் இருக்க, அவசரத்தில் அதை அடுப்பில் வைத்துப் பனியை உருக்கவும் முடியாது. இரட்டைச் சுவருக்குள் அழுத்தம் ஏறி வெடிக்கக்கூடும்.

கோடை நடைக்கு நீங்கள் கேட்டிருந்தால், கடையில் தண்ணீரோடு விற்கும் ஸ்மார்ட்வாட்டர் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு போதும் என்று சொல்லி முடித்திருப்பேன். காலியாக இருக்கும்போது ஒன்று 40 கிராம் அளவில்தான் வரும்; சாயர் ஸ்குவீஸ் வடிகட்டி அதன் வாயிலேயே நேராகத் திருகிக்கொள்ளும் என்பதால் வடிகட்டத் தண்ணீர் மொள்ளத் தனிப் பையும் வேண்டாம். ஆனால் அக்டோபர் இறுதியில் அந்த உயரத்தில் இரவுதோறும் உறைபனிதான். குறுகிய வாயில் முதலில் பனிக்கட்டி அடைத்துக்கொள்ளும்; கொதிநீர் ஊற்றினால் அந்த வகைப் பிளாஸ்டிக் சுருங்கிக் கோணலாகிவிடும். குழாய் வைத்த பையிலும் இதே தொல்லை உண்டு: பையில் தண்ணீர் இருக்கும், ஆனால் குழாய்க்குள் இருப்பது விடியற்காலையிலேயே உறைந்து போயிருக்கும்.

ஆகவே வாய் அகன்ற, கொதிநீர் தாங்கும் பாட்டில் ஒன்று கட்டாயம் வேண்டும். உங்கள் நால்ஜீனே அதற்குப் போதும். எடையைக் குறைக்க விரும்பினால், அதே நிறுவனத்தின் எச்.டி.பி.இ. எனும் பால்வெள்ளை நிறப் பிளாஸ்டிக் வகை 110 கிராம் அளவில் கிடைக்கிறது. இரவில் வெந்நீர் நிரப்பி, மூடியை இருமுறை சரிபார்த்து, உறக்கப்பைக்குள் கால்மாட்டில் வைத்துக்கொண்டால் காலும் சூடாக இருக்கும், காலையில் குடிக்கத் தண்ணீரும் இருக்கும். பகலில் வெளியே வைக்கும்போது தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மிதக்கும் என்பதால் அது அடிப்பக்கத்தில் சேரும், வாய் அடைபடாமல் இருக்கும்.

வில்லாளி:
மேலே சொன்னது சரி. வேட்டைக்காரனாக ஒன்று சேர்க்கிறேன். மெல்லிய பாட்டில் கையில் எடுத்தவுடன் நொறுநொறுவென்று சத்தமிடும். பாதி காலியான கெட்டிப் பாட்டிலோ ஒவ்வோர் அடிக்கும் களக்களக்கென்று அலம்பும். எல்க்கின் காதுக்கு இரண்டுமே போதும். அதனால்தான் பிளாட்டிபஸ் போன்ற மடக்குப் பாட்டிலை நான் வைத்திருக்கிறேன். குடித்த பிறகு உள்ளிருக்கும் காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடிவிட்டால் தண்ணீர் அலம்பவே அலம்பாது. ஒரு லிட்டர் அளவுள்ளது 40 கிராமுக்கும் குறைவு. வேட்டை வாய்த்துவிட்டால், வளர்ந்த ஆண் எல்க்கின் எலும்பு நீக்கிய இறைச்சியே 80 கிலோவைத் தாண்டும். அதைச் சுமக்கப் போகிறவர் நீங்கள் என்பதால், காலியான பாட்டில் சுருண்டு பைக்குள் ஒடுங்குவதன் அருமை அன்று தெரியும். முள்ளும் கூரான கல்லும் மட்டும் அதற்கு ஆகாது.

துப்பாக்கி எடுக்காவிட்டாலும் பளிச்சிடும் ஆரஞ்சு மேலாடை அணியுங்கள்.

டென்வர்வாசி:
மிக்க நன்றி. வடிகட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. இந்தக் குளிரில் அது வேலை செய்யுமா, அல்லது தண்ணீரைக் கொதிக்க வைப்பதே மேலா?

பனிமலைநடையர்:
வேலை செய்யும், உறைய விடாத வரையில். அதன் நுண்குழல்களுக்குள் தேங்கிய நீர் உறைந்து விரிந்தால் குழல்கள் வெடித்துவிடும். வெளியே ஒரு கீறலும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல் வரும், ஆனால் கிருமி தங்குதடையின்றிக் கடக்கும். ஒருமுறை என்னுடையதை இரவு முழுவதும் கூடாரத்துக்கு வெளியே மறந்து விட்டுவிட்டு, மறுநாள் அதை நம்பாமல் தூக்கிப் போட்டேன். பகலில் சட்டைப்பையிலும் இரவில் உறக்கப்பைக்குள்ளும் வைத்திருங்கள். ஐயம் வந்தால் கொதிக்க வைப்பதே வழி. அந்த உயரத்தில் நீர் 90 பாகை அளவிலேயே கொதித்துவிடுவதால், கொதி வந்த பிறகு 3 நிமிடம் விடுங்கள். ஓடை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மேட்டில் மாடு மேய்ந்திருக்கலாம். வயிற்றுப்போக்கைத் தரும் ஜியார்டியா கிருமி கண்ணுக்குத் தெரியாது.

டென்வர்வாசி:
முடிவு செய்துவிட்டேன்: 110 கிராம் வெள்ளைப் பாட்டில் ஒன்று, மடக்குப் பாட்டில் இரண்டு. மூன்று லிட்டர் கொள்ளளவுக்கு மொத்தம் 190 கிராமுக்குள் அடங்குகிறது. பிளாஸ்க் இனி அலுவலகக் காப்பிக்கு.