இரண்டாம் செமஸ்டர் கால்குலஸ்: கணக்காப் போட்டுத் தள்ளுவதா, புரிந்துகொண்டு போடுவதா?

கொழிஞ்சாம்பாறைக் காற்று:
எல்லோருக்கும் வணக்கமுங்க. நான் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் பி.எஸ்சி. கணிதம், இரண்டாம் செமஸ்டர். பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம். இப்போ பாடம் இங்கிலீஷ்ல, சந்தேகம் கேட்டா விளக்கம் மலையாளத்துல. முதல் செமஸ்டர்ல லிமிட், டெரிவேட்டிவ் எல்லாம் கஷ்டமில்லாமப் போச்சு. இப்போ இன்டக்ரேஷன் முறைகள் ஒரு பக்கம், இன்ஃபினிட் சீரீஸ் ஒரு பக்கம் அமுக்குது.

போன வாரம் இன்டர்னல்ல 1 + 1/2 + 1/3 + 1/4 + ... இது கன்வர்ஜ் ஆகுமா, அதாவது கூட்டிக்கிட்டே போனா ஒரு எண்ணுல போய் ஒருங்குமா, இல்ல விரிஞ்சுகிட்டே போகுமான்னு கேட்டாங்க. ஒவ்வொரு உறுப்பும் சின்னதாகிட்டே பூஜ்யத்துக்குப் போகுதே, அப்போ ஆகும்னு எழுதினேன். மார்க் பூராவும் போச்சு. ஏன்னு கேட்டதுக்கு "டெஸ்டை மனப்பாடம் பண்ணு"ன்னு மட்டும் பதில் வந்தது. தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கு. தினமும் கணக்காப் போட்டுத் தள்ளட்டுமா, இல்ல முதல்லேர்ந்து புரிஞ்சு படிக்கட்டுமா?

கோபாலபுரம் டியூஷன்:
போட்டுத் தள்ளு அம்மிணி. செக்போஸ்ட் பக்கத்துல டியூஷன் எடுக்கறேன், ரெண்டு மாநிலப் பசங்களும் வர்றாங்க. பகுதித் தொகையிடல்னா, அதாவது பெருக்கல்ல இருக்கிற ரெண்டைப் பிரிச்சு இன்டக்ரேட் பண்றதுன்னா, பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் பெர்னோலி சூத்திரம்பான், உங்க ஊர்ப் பிள்ளை எதை முதல்ல எடுக்கணும்கற வரிசைக்கு ஐலேட்னு சொல்லும். எக்ஸ் வர்க்கத்தை ஈ பவர் எக்ஸ் கூடப் பெருக்கித் தொகையிடச் சொன்னா பெர்னோலில ஒரே வரி. ஆனா ஈ பவர் எக்ஸ் இன்டு சைன் எக்ஸ்? சூத்திரம் முடியவே முடியாது. ரெண்டு தடவை செஞ்சா ஆரம்பிச்ச தொகையே வலப்பக்கம் திரும்பி வரும். அதை இடப்பக்கம் கொண்டுபோய்ப் பாதியாக்கணும். இருபது கணக்குப் போட்ட கைக்கு அது தானா தெரியும். எவ்வளவு விளக்கிச் சொன்னாலும் கை அதுக்குப் பழகாது.

மறையூர் டீச்சர்:
28 வருஷம் கல்லூரியில் இந்தப் பாடம் எடுத்தவள் நான். தம்பி சொல்கிற அந்தக் கை எனக்கும் தெரியும். மைனஸ் 1 முதல் 1 வரை, 1-ஐ எக்ஸ் வர்க்கத்தால் வகுத்ததைத் தொகையிடச் சொல்லுங்கள். நன்றாகப் பழகிய கை அரை நிமிஷத்தில் மைனஸ் 2 என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகும். அந்த வளைகோடு முழுவதும் அச்சுக்கு மேலே இருக்கிறது. மேலே இருப்பதன் பரப்பு எப்படி மைனஸ் ஆகும்? நடுவில் பூஜ்யத்தில் அது வானத்துக்குப் போகிறது, அந்தத் தொகைக்கு மதிப்பே கிடையாது. வகுப்புக்குப் பாதிப் பேர் வருஷா வருஷம் எனக்கு மைனஸ் 2 எழுதித் தந்தார்கள். அவர்களில் பயிற்சி போதாதவர்கள் யாரும் இல்லை.

உன் கணக்குக்கு வருகிறேன், மகளே. 1/3, 1/4 இரண்டையும் கூட்டு: அரைக்கு மேல். 1/5 முதல் 1/8 வரை நாலும் ஒவ்வொன்றும் 1/8-க்குக் குறையாது, ஆக மறுபடி அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படித்தான், அடுத்த பதினாறும் அப்படித்தான். அரை அரையாகச் சேர்ந்துகொண்டே போனால் எங்கே நிற்கும்? மெதுவாகத்தான் ஏறும், 10-ஐத் தாண்டவே 12,367 உறுப்பு வேண்டும். ஆனால் ஏறுவது நிற்காது. உறுப்பு சின்னதாவது மட்டும் போதாது, போதுமான வேகத்தில் சின்னதாக வேண்டும். இது மனசில் உட்கார்ந்த பிறகு டெஸ்டைப் படி.

நகரிப் பையன்:
நான் ஆந்திரா பக்கம் இன்ஜினியரிங். எங்களுக்கு இரண்டாவது செமஸ்டர்ல வகைக்கெழுச் சமன்பாடு. ஒவ்வொரு கணக்குலயும் நடுவுல ஒரு இன்டக்ரேஷன் வந்து நிக்கும். அதுல கை தடுமாறினா சமன்பாடு புரிஞ்சும் பிரயோஜனம் இல்ல. என் ஓட்டு டியூஷன் அண்ணாவுக்கு.

கோபாலபுரம் டியூஷன்:
டீச்சர், மரியாதையோட சொல்றேன். அந்த மைனஸ் 2 சரியான அடி, ஒத்துக்கறேன். ஆனா நான் தினம் பாக்கறது வேற. "புரிஞ்சுதுங்ணா"ன்னு தலையாட்டுவாங்க. பகுதிப் பின்னத்துல தொகுதியோட படி பெருசா இருந்தா முதல்ல வகுக்கணும்கறதே பரீட்சை ஹால்ல ஞாபகம் வராது. இந்தப் பிள்ளைக்கு மொழி வேற சுமை. மலையாளத்துல கேட்டு, தமிழ்ல யோசிச்சு, இங்கிலீஷ்ல எழுதணும். கையாவது தயங்காம ஓடணும். சீரீஸுக்கு ரேஷியோ டெஸ்ட், அதாவது ஒவ்வொரு உறுப்பையும் அதுக்கு முந்தினதால வகுத்து, போகப் போக அது எந்த எண்ணுக்குப் போகுதுன்னு பாக்கறது, அது ஒண்ணைக் கெட்டியாப் பிடிச்சாப் பாதிக் கேள்வி முடிஞ்சுது.

மறையூர் டீச்சர்:
தம்பி, ரேஷியோ டெஸ்டை அவள் தோற்ற கணக்கிலேயே போட்டுப் பாருங்கள். விடை 1 வரும், டெஸ்ட் வாய் திறக்காது. 1 + 1/4 + 1/9 + 1/16 + ... இதிலும் 1 தான். முதலாவது விரியும், இரண்டாவது ஒருங்கும். இரண்டாவதன் கூட்டுத்தொகை பையின் (π) வர்க்கத்தில் ஆறில் ஒரு பங்கு என்று ஆய்லர் 1734-ல் கண்டுபிடித்தார். கீழே வகுப்பது வர்க்கமா, வெறும் எண்ணா என்று பார்க்கத் தெரியாமல் டெஸ்டை மட்டும் பிடித்தால், கேள்வி கேட்பவர் குறிவைக்கிற இடத்திலேயே விழ வேண்டியதுதான்.

மொழியைச் சுமை என்கிறீர்களே. கேரளக் கணித அறிஞர் சங்கமக்கிராமத்து மாதவன் 14-ஆம் நூற்றாண்டில் 1 − 1/3 + 1/5 − 1/7 + ... என்று கூட்டிக்கொண்டே போனால் பையில் கால் பங்கு வரும் என்று கண்டவர். அந்தத் தொடரை நிறுவிக் காட்டுகிற யுக்திபாஷா என்ற நூல் 1530 வாக்கில் ஜ்யேஷ்டதேவன் எழுதியது, சமஸ்கிருதத்தில் அல்ல, மலையாளத்தில். உனக்கு வகுப்பில் விளக்கம் கிடைக்கிற அதே மொழியில், மகளே. ஊர்ப்பேச்சில் இதை யோசிக்க முடியும் என்று அன்றைக்கே காட்டியாயிற்று. நீ ஒருங்கும், விரியும் என்று தமிழிலேயே யோசி, எழுதும்போது இங்கிலீஷில் எழுது. ஒன்றும் குறையாது.

இன்றிரவு ஒரு வேலை செய். மாதவனின் அந்தத் தொடரில் 5 உறுப்பு கூட்டி 4-ஆல் பெருக்கு. 3.3397 வரும், பைக்குக் கிட்டக்கூட இல்லை. மாதவன் வழியில் ஒரு திருத்தம் உண்டு: உறுப்புகளின் எண்ணிக்கையை, அதன் வர்க்கத்தின் நாலு மடங்குடன் 1 கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். 5-க்கு அது 5/101. கடைசி உறுப்பு கூட்டலாக இருந்ததால், 4-ஆல் பெருக்குவதற்கு முன் இருந்த கூட்டுத்தொகையிலிருந்து இதைக் கழி. பிறகு 4-ஆல் பெருக்கு. 3.14166.

கோபாலபுரம் டியூஷன்:
அழகா இருக்கு டீச்சர், எனக்கு இது புதுசு. ஆனா கவனிச்சீங்களா? புரிய வைக்க நீங்களே அந்தப் பிள்ளையைக் கூட்டவும் கழிக்கவும்தான் சொல்றீங்க. கையில்லாம அந்த 3.14166 வந்திருக்காது. அதுவும் போக, இந்தத் திருத்தம் சிலபஸ்ல இல்ல. ஆறு வாரத்துல இதுக்கு எத்தனை ராத்திரி கொடுக்க முடியும்?

மறையூர் டீச்சர்:
ஒரு ராத்திரி கொடுக்கலாம். கணக்குப் போடாதே என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, தம்பி. அறுபது போடுகிற இடத்தில் இருபது போடட்டும். ஒவ்வொன்றிலும் பேனா எடுப்பதற்கு முன்னால் விடை கூட்டலில் வருமா கழித்தலில் வருமா, ஒருங்குமா விரியுமா என்று ஒரு வரி ஊகம் எழுதட்டும். ஊகம் தப்பாகிற கணக்கில்தான் பாடம் இருக்கிறது.

கோபாலபுரம் டியூஷன்:
தொகையிடல்ல இருபது பத்தாது, அதுல நான் இறங்கி வரமாட்டேன். அதுக்கு அறுபதுதான். சீரீஸுக்கு வேணும்னா நீங்க சொன்னபடி செய்யட்டும்.

கொழிஞ்சாம்பாறைக் காற்று:
டீச்சர், 5 போட்டுப் பார்த்தேன், வந்துச்சு. தூக்கம் வரல, 10 உறுப்பும் போட்டேன். திருத்தம் இல்லாம 3.0418. கடைசி உறுப்பு கழித்தல்ல முடிஞ்சதால 10/401-ஐக் கூட்டினேன். 3.14159 வந்துடுச்சு! கால்குலேட்டர்ல மூணு தடவை சரிபார்த்தேன்.

அண்ணா, நாளைக்குக் காலையிலேர்ந்து தொகையிடல் தினம் பத்து போடறேன், ஊக வரியோட. ஆனா இது ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். அந்தத் திருத்தத்துல 4 எங்கிருந்து வருது, அந்த 1 எங்கிருந்து வருது?