பழைய ஸ்விஃப்ட்டா, புது ஸ்விஃப்ட்டா? கொல்லிமலை ஏறிப் பார்த்தாச்சு

காரவள்ளி70:
போன ஞாயிறு என்னோட 2007 ஸ்விஃப்ட் (1.3 பெட்ரோல்), மச்சானோட 2024 ஸ்விஃப்ட் ரெண்டையும் காரவள்ளியிலிருந்து மலைமேல வரைக்கும் மாத்தி மாத்தி ஓட்டினோம். 70 கொண்டை ஊசி வளைவு, இதைவிடப் பெரிய பரீட்சை வேணுமா? புதுசுல வளைவு முடிஞ்சு ரெண்டாவது கியர்ல மிதிச்சா ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் கிளம்புது. என் வண்டி யோசிக்கிறதே இல்ல. நாலு சிலிண்டர், 87 பிஎஸ் (குதிரைத்திறன்). 17 வருஷம் கழிச்சு மூணு சிலிண்டர், 82 பிஎஸ். இதுக்குப் பேரு முன்னேற்றமாங்க?

மூணுசிலிண்டர்:
பவரை மட்டும் எண்ணாதீங்க, எடையையும் பாருங்க. பழசு ஆயிரம் கிலோவை ஒட்டி வரும். புதுசு மேனுவல் 920தான். டன்னுக்கு எத்தனை பிஎஸ்னு போட்டுப் பாத்தா உங்க வண்டி ஒரு படி கீழதான். டார்க் (இழுவைத் திறன்) பழசோட 113 என்எம்முக்குப் புதுசு 112, அதுவும் புதுசுல 200 ஆர்பிஎம் (இன்ஜின் சுத்துற வேகம்) முன்னாடியே வந்துரும். சரி, அன்னைக்கு எந்த வண்டியில எத்தனை பேர் இருந்தீங்க?

காரவள்ளி70:
புதுசுல நாலு, என்னோடதுல ரெண்டு. ஏசி நல்லா இருக்குன்னு பொண்ணுங்க எல்லாம் அதுல ஏறிட்டாங்க.

மூணுசிலிண்டர்:
😂 அண்ணே, ரெண்டு ஆள் எடையை ஏத்திவிட்டு இன்ஜினைத் திட்டுறீங்களே!

காரவள்ளி70:
சரி, ஏத்தத்தை விடுங்க, அது என் தப்புதான். சத்தம்? பழைய இன்ஜின் 5,000 ஆர்பிஎம் தாண்டும்போது ஒரு பாட்டு வரும். அது மூணு சிலிண்டர்ல வராது. ஐடில்ல நிக்கும்போது கியர் லீவர் நடுங்குறது கைக்குத் தெரியுது. ஸ்டீரிங்கும் அப்படித்தான். என்னோடதுல ரோடு எப்படி இருக்குன்னு உள்ளங்கைக்கே தெரியும். புதுசுல பஞ்சைப் பிடிச்ச மாதிரி இருக்கு.

மூணுசிலிண்டர்:
சத்தத்தை ஒத்துக்குறேன், அதுல வாதமே இல்ல. ஆனா ஹேண்டிலிங்னா உள்ளங்கை சுகம் மட்டுமா? மழையில இறங்கும்போது வளைவுக்குள்ள பிரேக் பிடிக்க வேண்டி வந்தா? 2024 மாடல்ல அடிப்படை வேரியன்ட்லயே ஈஎஸ்பி இருக்கு. பின்பக்கம் வழுக்க ஆரம்பிச்சா எந்த சக்கரத்துக்குத் தேவையோ அதுக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டியை நேராக்கிடும். உங்க வண்டியில அந்த வேலையை நீங்கதான் செய்யணும்.

காரவள்ளி70:
18 வருஷமா நான்தான் செய்றேன்.

பட்டறைக்காரன்:
ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. தினமும் இந்த மாதிரி பழைய வண்டிகளுக்கு அடியில படுத்துக்கிடக்கிறவன் சொல்றேன். லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்குற கையில இருக்கிற ரப்பர்) தேஞ்சு, ஷாக் அப்சார்பர்ல ஆயில் கசிஞ்சு நிக்கிற வண்டியைத்தான் 'ரோடு கைக்குத் தெரியுது'ன்னு ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. அது பாதி நேரம் தேய்மானம் கைக்குத் தெரியுறது. காரவள்ளி அண்ணே, ஒண்ணே ஒண்ணு பாருங்க. டயர் பக்கவாட்டுல ஒரு நீள்வட்டத்துக்குள்ள நாலு நம்பர் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். என்ன போட்டிருக்கு?

காரவள்ளி70:
டயர்ல பட்டன் நல்லாத்தான் இருக்கு.

பட்டறைக்காரன்:
பட்டனைக் கேக்கல. வருஷத்தைக் கேட்டேன். ரப்பர் இறுகிப்போச்சுன்னா பட்டன் இருந்தும் ஈரத்துல பிடிக்காது.

காரவள்ளி70:
டார்ச் அடிச்சுப் பாத்தேன். 3116.

மூணுசிலிண்டர்:
2016 ஆகஸ்ட்டா!

காரவள்ளி70:
புது டயர் போட்டுட்டு மறுபடி ஏறுவோம். இந்தத் தடவை வண்டிக்கு மூணு மூணு பேர்.