38 வாரம் நிறைந்துவிட்டது. இந்தக் காத்திருப்பை எப்படிக் கடப்பது?

கேள்வி

எனக்கு இது முதல் குழந்தை. நேற்றோடு 38 வாரங்கள் நிறைந்தன. குழந்தையும் நானும் நலமாக இருப்பதாகவே மருத்துவர் சொல்கிறார். ஆனால் இரவில் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தாலும் இடுப்பு வலிக்கிறது. கண்ணயர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறது. திரும்பி வந்து படுத்தால் நெஞ்செரிச்சல். மாலை வேளைகளில் வயிறு கல்லைப் போல இறுகுகிறது, ‘இதுதானோ’ என்று கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினால் சற்று நேரத்தில் அடங்கிவிடுகிறது. உடல் வேதனையையாவது பொறுத்துக்கொள்ளலாம். எப்போது என்று தெரியாமல் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்த நாட்களை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள்?

முதல் பதில்

சகோதரி, நான் இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள். முதல் பிரசவத்தில் மருத்துவர் குறித்த தேதியை நெஞ்சில் எழுதி வைத்திருந்தேன். அந்த நாள் வந்தது, போயிற்று, குழந்தை பிறக்கவில்லை. அன்றிரவு அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது. அடுத்த 9 நாட்களும் ஏதோ தவறிவிட்டதைப் போலவே நடமாடினேன்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாட்களைக் கூட்டிச் சொல்லும் மதிப்பீடுதான் அந்தத் தேதி என்பதையும், ஸ்கேன் பார்த்துத் திருத்தினாலும் அது மதிப்பீடாகவே இருக்கும் என்பதையும், சரியாக அந்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ 20 பேரில் ஒருவர்தான் என்பதையும் எனக்கு அப்போது யாரும் விளக்கவில்லை. இரண்டாம் முறை தேதியை விட்டுவிட்டு, 37 முதல் 42 வாரம் வரையிலான காலத்தையே மனத்தில் வைத்துக்கொண்டேன். கேட்டவர்களுக்கும் நாளைச் சொல்லவில்லை, மாதத்தை மட்டுமே சொன்னேன். வலி அதே வலிதான். ஆனால் ஒவ்வொரு காலையும் ஏமாற்றத்தோடு விடியவில்லை.

உறக்கத்துக்கு நான் கண்ட வழி, முழங்கால்களுக்கு இடையே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மெல்லியதாக இன்னொன்று. இரவில் உறக்கம் கெட்டால் பகலில் படுத்து ஈடு செய்யுங்கள். அதற்காகக் குற்ற உணர்வு வேண்டாம்.

இரண்டாம் பதில்

மகப்பேறு பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். நீங்கள் சொன்னவை பெரும்பாலும் இந்த மாதத்துக்கு உரியவையே. கர்ப்பகால ஹார்மோன்கள் இடுப்பு மூட்டுகளின் தசைநார்களைத் தளர்த்துகின்றன; இரைப்பையின் மேல்வாயும் அவ்வாறே தளர்வதால் அமிலம் மேலேறுகிறது. எனவே சிறிது சிறிதாக உண்பதும், உண்டவுடன் படுக்காமல் இருப்பதும், தலைப்பக்கத்தை உயர்த்திக்கொள்வதும் உதவும். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்த நாளங்களை அழுத்தும் என்பதால் ஒருக்களித்தே உறங்கத் தொடங்குங்கள். இடையில் மல்லாந்த நிலையில் விழித்துக்கொண்டால் அஞ்ச வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

மாலையில் வருவது பொய்வலியாக இருக்கலாம். எழுந்து நடந்தாலோ படுக்கும் நிலையை மாற்றினாலோ அது அடங்கும். ஒழுங்கான இடைவெளியும் இராது. உண்மையான பிரசவ வலி நேரம் செல்லச் செல்ல நெருங்கி, நீண்டு, வலுக்கும். எந்த இடைவெளியில் மருத்துவமனைக்கு வர வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தப்போக்கு, கடுந்தலைவலி, பார்வை மங்கல், முகத்தில் திடீர் வீக்கம், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஓயாத அரிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும், வலிக்காகக் காத்திராமல் உடனே வர வேண்டும்.

மூன்றாம் பதில்

ஒரு கணவனாக எழுதுகிறேன். என் மனைவியை மிகவும் களைப்படையச் செய்தது ‘இன்னும் ஆகவில்லையா?’ என்ற விசாரிப்புதான். கடைசி இரண்டு வாரங்களும் அவருடைய கைபேசிக்கு வந்த அழைப்புகளுக்கு நானே பதில் சொன்னேன். உங்கள் வீட்டிலும் ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் என் நன்றி. இன்னும் ஓர் ஐயம். இன்று காலையிலிருந்து குழந்தையின் அசைவு குறைந்திருப்பதாகத் தோன்றுகிறது. இடம் போதாததால் கடைசி மாதத்தில் அசைவு குறையும் என்கிறார்களே, அது உண்மையா?

இரண்டாம் பதில் அளித்தவர்

உண்மையன்று. அசைவின் தன்மை மாறலாம், உதைப்பது போய் உருள்வதைப் போலத் தோன்றலாம். ஆனால் பிரசவம் வரை அசைவு குறையக் கூடாது. இங்கே பதிலுக்குக் காத்திருக்காமல் இப்போதே மருத்துவமனையை அழைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேட்டவர்

உடனே சென்றோம். இதயத்துடிப்பை நெடுநேரம் பதிவு செய்து, ஸ்கேனும் எடுத்துப் பார்த்து, குழந்தை நலமாக இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். வீணாக வந்து தொந்தரவு கொடுத்துவிட்டேனோ என்று தயங்கியபோது, மறுபடி தோன்றினால் நள்ளிரவானாலும் வர வேண்டும் என்று அந்த மருத்துவர் சொன்னார். இப்போது முழங்கால்களுக்கு இடையே தலையணையோடு படுத்திருக்கிறேன்; உள்ளே நன்றாக உருள்கிறது.